தேத்தண்ணி வராத கேத்தல்: வளைபரப்பை வெட்டின கதை

கொம்பியூட்டர் கிராபிக்ஸ் படிக்கத் தொடங்குகிற எவரும் முதல் மாதத்துக்குள் ஒரு கேத்தலைச் சந்தித்துவிடுவார்கள். 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவருக்குத் தன் ஆய்வுக்கு வளைவுகள் நிறைந்த ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கேத்தலையே வரையுங்களேன் என்று மனைவி சன்ட்ரா சொன்னாராம். மெலிட்டா கம்பனியின் வெள்ளைப் பீங்கான் கேத்தல். அதைப் பார்த்துத் தாளில் வரைந்து, வளைவுகளை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுத்தார். அந்த எண்கள் உலகம் முழுக்கப் போயின. அசல் கேத்தல் இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தேயிலை நாட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு இந்தக் கேத்தலோடு ஒரு வழக்கு இருக்கிறது. அதில் தேத்தண்ணி ஊற்ற ஏலாது. மூக்கு இருக்கிறது, உடம்பு இருக்கிறது. ஆனால் மூக்கு உடம்போடு சேர்கிற இடத்தில் ஓட்டையே இல்லை! மூக்கின் அடிப்பக்கம் உடம்புக்குள் சும்மா குத்தி நிற்கிறது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால், உடம்பின் சுவர் முழுசாக இருக்க, அதைத் துளைத்துக்கொண்டு மூக்கின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். (முதல் வடிவத்தில் அடியும் இல்லை. அது வேறு வழக்கு.)

நியூவெல் ஏன் ஓட்டை போடவில்லை? அந்தக் காலத்தில் இருந்த முறையில் அது சுலபமாகச் செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. வளைந்த பரப்பு ஒன்றை உருவாக்கத் தெரிந்திருந்தது, வளைந்த பரப்பு ஒன்றை வெட்டத்தான் தெரியவில்லை. வெட்டப் பழகின கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறோம். உண்மையைச் சொன்னால் கேத்தலால் இது தொடங்கவில்லை. எங்களில் ஒருத்தருக்கு வீடு கொட்டாஞ்சேனையில். புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அதைக் கணினியில் முப்பரிமாணத்தில் செய்து பார்ப்பம் என்று வெள்ளவத்தையில் கூடுகிற எங்கட சனிக்கிழமை வட்டத்தில் யோசனை வந்தது. சுகத்துக்காகக் கூரையை ஒரு அரை உருளையாக வைத்துக்கொண்டு, குவிமாடத்தையும் அதன் அடிச்சுவரையும் அதன் மேல் இருத்தினோம். இரண்டாவது வாரமே மாட்டிக்கொண்டோம்.

எங்கே மாட்டினோம் என்று விளங்க, கணினி ஒரு வளைபரப்பை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஒரு சதுர ரப்பர்த் துணியை நினைத்துக்கொள்ளுங்கோ. அதன் அகலத்துக்கு யூ, நீளத்துக்கு வீ என்று பெயர். இரண்டுமே 0இலிருந்து 1 வரை ஓடும். துணியின் ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் சொல்லும். அந்தச் சூத்திரம் துணியை இழுத்து, வளைத்து, கேத்தல் உடம்பின் கால்வாசியாகவோ கார்க் கதவாகவோ ஆக்கிவிடும். எவ்வளவு இழுத்தாலும் அது நாலு பக்கத் துணிதான். உலகத்தில் உள்ள பொருட்கள் அப்படியா இருக்கின்றன? கார்க் கதவில் கைபிடிக்குக் குழி வேண்டும், விமானச் சிறகு உடம்பில் ஒட்டுகிற இடத்தில் உடம்பு திறக்கவேண்டும். எங்கட குவிமாடச் சுவருக்குக் கூரையின் வளைவுக்கு ஏற்றபடி அடி வெட்டவேண்டும்.

கணினிக்கு முந்தின காலத்தில் இந்த வளைவுகளின் தாய்வீடு கப்பல் கட்டும் இடம். மெல்லிய, நீண்ட மரச் சட்டத்தை வளைத்து, அது நகராமல் ஈயக் குண்டுகளை வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்பிளைன் என்று பெயர். குண்டுகளின் வடிவத்தைப் பார்த்து அவற்றை ‘வாத்து’ என்று கூப்பிட்டார்கள். 1946இல் ஐசாக் ஷோன்பேர்க் என்ற கணிதவியலாளர் அந்தச் சட்டத்தின் பெயரையே ஒரு வகைக் கணிதச் சார்புக்கு வைத்தார். கப்பல் ஓடாவியின் கைக்கருவி கணிதத்துக்குள் வந்தது அப்படித்தான்.

பிறகு கதை பிரான்சின் கார் கம்பனிகளுக்குப் போகிறது. ரெனோ கம்பனிப் பொறியியலாளர் பியர் பெசியேக்கு ஒரு தலையிடி. காரின் அழகை வடிவமைக்கிறவர் ஒரு மாதிரி செய்வார், வரைபடக்காரர் அதைப் பார்த்து வரைவார், தகடு அழுத்தும் அச்சைச் செய்கிறவர் வரைபடத்தைப் பார்த்துச் செய்வார். ஒவ்வொரு கை மாறும்போதும் வடிவம் கொஞ்சம் மாறும். கடைசியில் கதவு பொருந்தாவிட்டால் எது சரியான வடிவம் என்று சண்டை. சண்டைக்கே இடமில்லாமல் வடிவத்தை எண்களால் எழுதிவிடவேண்டும் என்பதுதான் பெசியேயின் ஆசை. 1960களில் அவர் உருவாக்கிய வளைவுகளும், அவற்றைக் கொண்டு வடிவமைக்கிற யூனிசேர்ஃப் என்ற முறையும் அதிலிருந்து வந்தவை. இந்த ஆசையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

அதே வேலையை அவருக்கு முந்தி ஒருவர் செய்து முடித்திருந்தார். சித்ரோயன் கம்பனியில் 1958இல் சேர்ந்த போல் து கஸ்தெல்ஜோ என்ற கணிதவியலாளர், 1959இலேயே இந்த வளைவுகளை எழுதி வைத்துவிட்டார். கம்பனி அதை வெளியில் விடவில்லை, வியாபார இரகசியம். பெசியே எழுதினார், பேசினார், உலகம் படித்தது. அதனால் வளைவுக்கு ‘பெசியே வளைவு’ என்ற பெயர் நிலைத்தது. து கஸ்தெல்ஜோ பற்றி வெளியுலகம் அறிந்தபோது 1970களின் நடுப்பகுதி. இன்று வளைவின் மேல் ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிற வழிமுறைக்கு மட்டும் அவர் பெயர் இருக்கிறது. பெசியேயில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் ‘இப்ப போடாதையுங்கோ, பிறகு பாப்பம்’ என்று எழுதினதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிற நண்பர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்கிற கதை இது.

1970களில் சாமான்கள் வேகமாகச் சேர்ந்தன. 1974இல் எட் கட்மல், அதே யூட்டாவில், வளைந்த துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் திரையில் காட்டுகிற வழியைத் தன் முனைவர் ஆய்வேட்டில் எழுதினார். 1975இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் கென் வேர்ஸ்பிரில் எழுதிய ஆய்வேடு, இன்று நர்ப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற வளைபரப்புக்கு வழி விட்டது. வட்டம், கோளம் போன்றவற்றையும் பிசகில்லாமல் எழுத அதில் முடிந்தது. 1981இல் போயிங், கணினி வரைபடங்களைக் கம்பனிக்குக் கம்பனி மாற்றிக்கொள்ளும் ஐஜெஸ் என்ற பொது வடிவத்தில் இதையும் சேர்க்கச் சொன்னது.

வெட்டுகிற பிரச்சினை மட்டும் அப்படியே கிடந்தது. துணியில் ஓட்டை போட்டால் மிச்சத் துணிக்கு நாலு பக்கம் இருக்காது. நாலு பக்கம் இல்லாவிட்டால் சூத்திரம் வேலை செய்யாது. ஓட்டையைச் சுற்றி நாலு பக்கத் துண்டுகளாகப் பிரித்துப் பிரித்து ஒட்டலாம், ஆனால் அந்தப் பொட்டுப் பொட்டான வேலை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

1980களில் பரவலான தீர்வு கிட்டத்தட்ட ஒரு குறும்பு. வெட்டாதே, கோடு மட்டும் போடு! தட்டையாக விரித்த யூ-வீ சதுரத்தில் ஒரு மூடிய வளைவை வரைந்து, இதற்கு உள்ளே இருப்பது சாமான், வெளியே இருப்பது இல்லை என்று சொல்லிவிடுவது. இதுதான் டிரிம்மிங். துணி முழுசாகவே இருக்கிறது, சூத்திரத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. வெட்டுண்ட பகுதி கணினியின் நினைவில் பத்திரமாக இருக்கிறது, காட்டாமல் விடுகிறோம், அவ்வளவுதான். 1987இல் மல்கம் கசாலே இப்படி வெட்டின துண்டுகளைச் சேர்த்தே முழுத் திண்மப் பொருட்களைக் கட்டுவது பற்றி எழுதினார். ஐஜெஸ் பட்டியலில் 144ஆம் இலக்கம் வெட்டின வளைபரப்புக்குரியது.

இதை எங்களுக்குச் சரியாக விளங்கப்படுத்தியவர் புத்தகக்காரர் இல்லை. எங்களில் ஒருத்தியின் சாறி பிளவுஸ் எடுக்க, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் உள்ள தையல்கடைக்குப் போயிருந்தோம். மேசையில் விரித்த துணியில் சோக்கால் கை வைக்கிற இடத்து வளைவு கீறப்பட்டிருந்தது, இன்னும் கத்தரி படவில்லை. “அண்ணை, இதே வளைவுதானே கையிலயும் வரும்?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “இல்லைத் தம்பி. உடம்பில இது உள்ள வளையும், கையில வெளிய வளையும். ரெண்டும் வேற வேற கோடு. தைச்சாப் பிறகுதான் ஒண்டு. கை வளைவு கொஞ்சம் கூடவா இருக்கும், அதைச் சுருக்கிக் குடுத்துத் தைக்கோணும். வெட்டுறது வேலையில்லை, பொருத்துறதுதான் வேலை.”

எங்கட பிரச்சினை முழுக்க அந்தப் பதிலில் இருந்தது. குவிமாடத்தின் அடிச்சுவர் ஒரு துணி, கூரை இன்னொரு துணி. இரண்டும் சந்திக்கிற கோடு வெளியில் ஒன்றுதான். சுவர்த் துணியில் அது ஒரு அலை மாதிரி ஓடும், கூரைத் துணியில் ஒரு முட்டை மாதிரி மூடிக்கொள்ளும். ஆக, வெளியில் உள்ள உண்மையான கோடு, சுவர்த் துணியில் ஒரு கோடு, கூரைத் துணியில் ஒரு கோடு என்று மூன்று. மூன்றும் ஒன்றோடொன்று பிசகாமல் ஒத்துப்போகவேண்டும்.

ஒத்துப்போகாது. எங்கட உருளைகள் கணிதத்துக்குச் சுகமான சாமான்கள். கார், விமானங்களில் சாதாரணமாகப் புழங்குகிற இருவழி முப்படித் துண்டை, யூ-வீ இல்லாமல் ஒரே சமன்பாடாக எழுதினால் அது 18ஆம் படிச் சமன்பாடாகும். அப்படி இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளும் கோட்டின் படி 18ஐ 18ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 324. பாடசாலையில் மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கே நாங்கள் அழுதோம். 324ஆம் படி வளைவைத் துணியில் எழுதி வைத்து வேலை செய்ய எந்த மென்பொருளாலும் ஏலாது. அதனால் எல்லா மென்பொருளும் செய்வது ஒன்றுதான். சந்திக்கிற கோட்டில் சில புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றினூடாக மூன்றாம் படியில் ஒரு சுமாரான வளைவை இழுத்து, இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் பொருந்தியது என்று எடுத்துக்கொள் என ஒரு எண்ணையும் வைப்பது. அந்த எண்ணுக்குப் பெயர் சகிப்பு எல்லை.

சண்டைக்கே இடமில்லாத ஒரே வடிவம் வேண்டும் என்று பெசியே ஆசைப்பட்டாரே. அவருடைய வளைவுகளை வைத்தே கட்டின முறையில், ஒரே விளிம்புக்கு ஒத்துப்போகாத மூன்று எழுத்துகள் வந்து சேர்ந்தன. எது சரியான விளிம்பு என்ற பழைய சண்டை, மரப் பட்டறையிலிருந்து கோப்புக்குள் குடிபெயர்ந்தது.

வெட்டினதை வேகமாகத் திரையில் காட்டுவது அடுத்த பாடு. 1989இல் சிக்கிராஃப் மாநாட்டில் சிலிக்கன் கிராபிக்ஸ் கம்பனியைச் சேர்ந்த அலின் ரொக்வூட், கேர்ட் ஹீட்டன், டொம் டேவிஸ் மூவரும் ஒரு கட்டுரை தந்தார்கள். வெட்டின பரப்பை அசைக்க அசைக்க உடனுக்குடன் வரைகிற வழி. யூ-வீ சதுரத்தை, வெட்டுக்கோடு முன்னும் பின்னும் மடியாத சிறு பகுதிகளாகப் பிரிப்பார்கள். உட்புறத்தை ஒழுங்கான கட்டங்களால் நிரப்புவார்கள், கட்டங்களுக்கும் வெட்டுக்கோட்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற இடுக்கை முக்கோணங்களால் கரை கட்டுவார்கள். 1992இல் வந்த ஓப்பன்ஜிஎல்லோடு கூட வந்த துணை நூலகத்திலும் இந்த வசதி இருந்தது. குளு-பிகின்-டிரிம் என்று தொடங்கி, கோட்டைக் கொடுத்து, குளு-எண்ட்-டிரிம் என்று முடிக்கவேண்டும். ஒரே ஒரு சட்டம்: கோட்டின் வழியே நடந்தால் உங்கள் இடப்பக்கம் இருப்பதுதான் மிஞ்சும்.

இந்தச் சட்டத்தை நாங்கள் வாசித்தோம், தலையாட்டினோம், கோட்டை மற்றப் பக்கமாகச் சுற்றினோம். ஓடவிட்டால் கூரையைக் காணவில்லை. வெட்டி எறியவேண்டிய முட்டைத் துண்டு மட்டும் கொட்டாஞ்சேனை வானத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அன்ரி வந்து எட்டிப் பார்த்தவ.

உள்ளேயா வெளியேயா என்ற இதே கேள்வியை உங்கள் கைபேசி இப்போது, இந்த வரியை நீங்கள் வாசிக்கும்போதும் கேட்கிறது. ‘க’வுக்குள் இருக்கிற ஓட்டை எழுத்தா, வெற்றிடமா? எழுத்துருவும் மூடிய வளைவுகள்தான். ட்ரூடைப் எழுத்துருவில் வழக்கம் தலைகீழ், கோட்டின் வலப்பக்கம்தான் மை.

வெட்டுக்கோட்டின் திசையைத் திருப்பினோம், கூரை வந்தது, குவிமாடம் அதன் மேல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் தலைமயிர் மாதிரி நீலக் கீறல்கள். அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது. பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கீறல் மினுங்கிற்று. சுவருக்கு மென்பொருள் போட்ட முக்கோணங்களின் முனைகளும், கூரைக்குப் போட்டவற்றின் முனைகளும் ஒரே இடத்தில் இல்லை. தையல்கார அண்ணை சொன்ன இடத்திலேயே வந்து நின்றோம்.

எங்களுக்கு மட்டும் நடந்த கூத்தில்லை இது. 1995இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த சுபோத் குமார், தினேஷ் மனோச்சா இருவரும் வெட்டின நர்ப்ஸ் பரப்புகளைத் திறமையாக வரைவது பற்றி எழுதினார்கள். (மனோச்சா டெல்லி ஐஐடியில் படித்தவர், குமார் பின்னாளில் அங்கே பேராசிரியரானார்.) 2002இல் ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் கலெஸ், பலாஸ், கிளைன் ஆகியோர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தையல் இருக்கிறது, வெட்டின பரப்புகளை ஓரத்தில் ஒன்றோடொன்று ‘தைப்பது’ பற்றியது. அடுத்த சில வருடங்களில் அதே இடத்திலிருந்து இன்னொரு யோசனை வந்தது, ‘கொழுத்த விளிம்பு’. கீறல் வரக்கூடிய ஓரம் முழுக்க, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு தடித்த பட்டியை வரைந்து அடைத்துவிடுவது.

அதை வாசித்தபோது எங்களில் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் “டேய், இது கலப்பற்று!” என்று கத்தினார். மரக் கப்பலில் பக்கத்துப் பலகையின் வளைவுக்கு ஏற்ப அடுத்த பலகையைச் சீவிப் பொருத்துவார்கள். எவ்வளவு கைதேர்ந்த ஓடாவி என்றாலும் இடுக்கு இருக்கும். அந்த இடுக்கில் பஞ்சை அடித்து இறுக்கி எண்ணெயும் குங்கிலியமும் பூசுவதுதான் கலப்பற்று. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி, அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றின பிறகு, கடல் கடந்து 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மரக் கப்பலில் இடுக்கை யாரும் ஒளிக்கமாட்டார்கள். இடுக்கு இருக்கும் என்று தெரிந்துதான் பஞ்சு வாங்குகிறார்கள். கணினிக்காரர் மட்டும் திரையில் தெரியாவிட்டால் இல்லை என்று கொஞ்சக் காலம் நம்பினார்கள்.

திரையில் தெரியாததற்கும் காசு போகிறது. விமானச் சிறகைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் பார்க்க, இரும்பு எங்கே முறியும் என்று பார்க்க, முப்பரிமாண அச்சில் அடிக்க, நீர் கசியாத முழு மேற்பரப்பு வேண்டும். தலைமயிர் அளவு கீறல் இருந்தாலும் மென்பொருள் திணறும், ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு கீறலாக அடைக்கவேண்டும். 1999இல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காகச் செய்த ஓர் ஆய்வு, கார்த் தொழிலில் கோப்புகள் கம்பனிக்குக் கம்பனி சரியாகப் போய்ச் சேராததால் வருடத்துக்குக் குறைந்தது 100 கோடி டொலர் வீணாகிறது என்று கணக்கிட்டது. அவ்வளவும் வெட்டுக்கோட்டின் குற்றம் என்று சொல்லமாட்டோம், கோப்புகள் கெட்டுப்போகப் பல வழி உண்டு. என்றாலும் ஒரு மென்பொருளின் சகிப்பு எல்லைக்குள் பொருந்தின விளிம்பு, இன்னொன்றின் எல்லைக்குள் பிளந்து நிற்பது அதில் தெரிந்த ஒரு வழி.

சினிமாக்காரர் வேறு வழியாகத் தப்பினார்கள். 1995இல் வந்த டோய் ஸ்டோரியின் வூடி நினைவிருக்கிறதா? அந்த முகம் நர்ப்ஸ் துண்டுகளால் ஆனது. முகம் அசையும்போது துண்டுகள் சேரும் தையல் வெளியில் தெரியாமல் மறைக்க, பிக்ஸாரில் கையால் நிறையப் பாடுபட்டார்கள். 1997இல் ஜெரிஸ் கேம் என்ற குறும்படத்துக்கு அவர்கள் பாதையை மாற்றி, கிழவரின் முகத்தை ஒரே வலையை நுணுக்கி நுணுக்கி மெதுவாக்கும் முறையில் செய்தார்கள். அங்கே வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அந்த முறைக்கு அடி போட்டவர்களில் ஒருவர் கேத்தல் காலத்து யூட்டாவில் நாங்கள் சந்தித்த கட்மல்தான். அவர் பிக்ஸாரின் தலைமையில் இருந்தார் என்பதும் தற்செயல் இல்லை.

கார், விமானக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு முகம் அழகாக இருந்தால் காணாது, துளை சரியான அளவில் இருக்கவேண்டும். 2008இல் டொம் செடர்பேர்க்கும் கூட்டாளிகளும், வெட்டின பரப்பின் ஓரத்தைக் கொஞ்சம் அசைத்துக்கொடுத்து உண்மையாகவே கசியாமல் ஒட்டுகிற வழி ஒன்றைக் காட்டினார்கள். தையலில் கையைச் சுருக்கிக் கொடுக்கிற மாதிரியே, அசலிலிருந்து மயிரிழை விலக ஒப்புக்கொண்டால் கீறல் போய்விடும். கோட்டை விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது. இன்றும் தொழிற்சாலைக் கோப்புகள் பெரும்பாலும் வெட்டுக்கோடும் சகிப்பு எல்லையுமாகத்தான் ஓடுகின்றன. திரையில் காட்டுவதற்கு இப்போது கிராபிக்ஸ் அட்டை இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ளேயா வெளியேயா என்று அதுவே கேட்டுக்கொள்ளும். அதனால் காட்டுவது பெரிய காரியமில்லை என்று ஆகிவிட்டது, பொருத்துவது அப்படி ஆகவில்லை.

எங்கட குவிமாடத்துக்கு நாங்கள் செய்தது பழைய வைத்தியம். சந்திக்கிற கோட்டில் முதலிலேயே 200 புள்ளிகளைக் குறித்துக்கொண்டோம். சுவரும் சரி கூரையும் சரி, ஓரத்தில் அந்த 200 புள்ளிகளையே முனைகளாக எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தினோம். இரண்டு பக்கமும் ஒரே முனைகள், நடுவில் வானம் புக இடமில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை, விளிம்பு இப்போது உண்மையான வளைவு இல்லை, 200 சின்ன நேர்கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் வளைவுதான். மிகக் கிட்டப் போனால் மூலைகள் தெரிகின்றன.

அதனால் கிட்டப் போகிற அளவுக்கு நிரலில் ஒரு வரம்பு போட்டிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை கேத்தலின் உடம்பில் மூக்குக்கு ஓட்டை வெட்டப் போகிறோம். வர விருப்பமானவர்கள் வரலாம், தேத்தண்ணி உண்டு.